ஆற்றுக்கு அங்கால் போன பை

எங்கள் ஊரின் நடுவால் ஒரு ஆறு போகிறது. ஆறு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கோடையில் சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு நடந்தே கடந்துவிடலாம். ஆனால் அதற்கு இந்தப் பக்கம் ஒரு கன்டோன், அந்தப் பக்கம் இன்னொரு கன்டோன். கன்டோன் என்றால் மாகாணம் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் தன் தன் சட்டம். ஊரின் பெயர் ஒன்றுதான். சந்தை ஒன்றுதான், பஸ் ஒன்றுதான். ஆனால் ஊர்ச்சபைக் கந்தோர் இரண்டு. கெமைண்டே என்பார்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை என்றால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு போகும். பாலத்தில் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்து நாக்கை நீட்டும்.

நான் மகளோடும் மருமகனோடும் இந்தப் பக்கத்தில், மூன்றாம் மாடியில் இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுவிஸுக்கு வந்தது. என்னோடு அதே பனிக்காலத்தில், அதே அகதி முகாமில், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள் ஒரு மட்டக்களப்புக்காரி. என் வயதுதான். என்னைப் போலவே புருஷன் இல்லை. பிறகு பிரித்து அனுப்பினார்கள். அவளும் மகனும் ஆற்றுக்கு அங்கால். நாங்கள் இங்கால். யார் பிரித்தார்கள், எதைப் பார்த்துப் பிரித்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவளுடைய பக்கத்தில் வயது போன பெண்களுக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழி, வகுப்பு வைத்தார்கள். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் யாரோ போட்டுக் கழித்த பனிக்கோட்டு ஒரு மூட்டை கொடுத்தார்கள், வகுப்பு இல்லை. அவளுடைய மகன் வந்த வருடமே முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனான். என் மருமகன் வேலைக்கு அனுமதி இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான். இரண்டு பேரும் ஓடி வந்தது ஒரே சண்டையிலிருந்து. வயதும் கிட்டத்தட்ட ஒன்று.

மட்டக்களப்புக்காரி அதைச் சொல்லியே, தன் ஊர்ப் பேச்சில் 'கா' போட்டு, யாழ்ப்பாணத்தவளான என்னைக் குத்துவாள்.

"உங்கட கன்டோன் யாழ்ப்பாணத்தார் மாதிரிகா. கதவத் திறக்க முதல் ஆரு, எவடம், ஆருட பிள்ளை எண்டு கேக்கும்."

"உங்கட கன்டோன்?"

"சோத்தப் போட்டுத்துத்தான் பேரக் கேக்கும்."

"பேர் கேக்காமல் சோறு போட்டால் கண்டவனும் வந்து திண்டிட்டுப் போவான்."

"அதுதான் நான் வந்து திண்டன்," என்று சிரிப்பாள். அவளோடு கதைத்து வெல்ல ஏலாது. நாள் தவறாமல் பாலத்தைக் கடந்து அவளிடம் போவேன். கையில் இருக்கிற பைக்குள் ஏதாவது சமைத்தது ஒரு பெட்டியில் இருக்கும். வரும்போது அவள் வைத்தது அதே பெட்டியில் இருக்கும்.

ஒரு தைப்பொங்கல் நேரம் எங்கள் பக்கத்துக் கெமைண்டே புதுச் சட்டம் போட்டது. இனிமேல் வீட்டுக் குப்பையைக் கண்ட பையில் போட முடியாது. எங்கள் பக்கத்துக் கெமைண்டேயின் பெயர் பெரிதாக அச்சடித்த பையைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். குப்பை அள்ளுகிற வரி அந்தப் பையின் விலைக்குள்ளேயே இருக்கிறது. வேறு பையில் கட்டி வைத்தால் லொறிக்காரன் தொடவும் மாட்டான். குப்பையைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். அந்தப் பக்கத்தில் அப்படி இல்லை. அங்கே வீட்டுக்கு இவ்வளவு என்று வருடத்தில் ஒருமுறை கட்டினால் போதும், எந்தப் பையிலும் எவ்வளவும் போடலாம்.

சட்டத்தை எழுதினவர் தனியாக இருந்து, மத்தியானம் ரெஸ்ரோறண்டில் சாப்பிட்டு, இரவில் பாணும் சீஸும் தின்கிற மனிசன் போல என்று நான் நினைத்தேன். அப்படிப்பட்டவருக்கு அந்தப் பை பல நாள் வரும். எங்கள் வீட்டில் தேங்காய்ச் சிரட்டை பையைக் குத்திக் கிழிக்கும், முருங்கைக்காய்ச் சக்கை நிரப்பும். குழந்தை உள்ள வீடென்றால் பம்பர்ஸ் ஒன்றே பையை முடித்துவிடும். பை எல்லோருக்கும் ஒரே விலைதான். ஆனால் எல்லா வீட்டிலும் அது ஒரே மாதிரி விழவில்லை.

கொஞ்ச நாளிலேயே ஊர் வழி கண்டுபிடித்துவிட்டது. பின்னேரம் பொழுது சாய, இந்தப் பக்கத்துக் கார்கள் பாலத்தைக் கடந்து போகும். பின்பெட்டியில் கறுப்புப் பைகள். திரும்பி வரும்போது பின்பெட்டி வெறும். குசினி யன்னலில் நின்றால் எனக்கு எல்லாம் தெரியும். பல் வைத்தியர் போனார். பாண் கடைக்காரர் போனார். எங்கள் கட்டடத்தில் முதலாம் மாடியில் இருந்த சுவிஸ்காரி, எப்போதும் தலை கலையாமல் இருப்பவள், சந்தைக்குப் போகிற பிரம்புக் கூடையில் பையை வைத்து, மேலே கட்டம் போட்ட துணி போட்டு மூடிக்கொண்டு போவாள். பாலத்தில் என்னைக் கண்டால் வணக்கம் சொல்வாள். நானும் சொல்வேன். அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று.

நான் கொண்டுபோகவில்லை. சட்டத்துக்குப் பயந்து இல்லை. என் வீட்டுக் குப்பையை இன்னொருத்தர் வாசலில் கொண்டுபோய் வைக்கிற அளவுக்கு நான் குறைந்து போகவில்லை. மருமகன்கூட ஒருநாள், நாங்களும் கொண்டுபோவோமா என்று கேட்டான். "நீங்கள் தேவையெண்டால் போங்கோ தம்பி, இந்த வீட்டுக் குப்பை இந்தப் பக்கம்தான் போகும்" என்று சொன்னேன். பிறகு கேட்கவில்லை.

இந்தக் கார்க் கூத்து இரண்டு கன்டோன்காரருக்கும் கேட்டிருக்க வேண்டும். ஒரு பெண்ணை அனுப்பினார்கள். ஒரே ஊரில் இரண்டு சட்டம் இருந்தால் எந்தச் சட்டம் எந்தப் பக்கத்தில் என்ன செய்கிறது என்று வீடு வீடாகப் பார்த்து எழுத வந்தவள். சின்ன வயது, மலை ஏறுகிற சப்பாத்து, சைக்கிள். எங்கள் குசினியில் இருந்து என் வடையைச் சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்டாள். முன்னர் எத்தனை பை, இப்போது எத்தனை பை, கண்ணாடிப் போத்தலைப் பிரித்துப் போடுகிறீர்களா, சமையல் மாறியிருக்கிறதா. மகள்தான் இரண்டு பக்கமும் மொழி மாற்றினாள்.

"என்ன பிள்ளை இவள், கலியாணத் தரகர் மாதிரி எல்லாத்தையும் கேட்டு எழுதுறாள்," என்றேன்.

"அம்மா, சும்மா இருங்கோ. அவ பாக்கிறா."

"பாக்கட்டும். நான் சொல்லுறதையும் எழுதச் சொல்லு. குழந்தை இருக்கிற வீட்டையும் தனிக்கட்டை வீட்டையும் ஒரு பையால அளக்க ஏலாது எண்டு எழுதச் சொல்லு."

மகள் சொன்னாள். அந்தச் சைக்கிள்காரப் பெண் தலையாட்டிவிட்டு எழுதினாள். அந்தப் பக்கம் குப்பை கொண்டுபோகிற ஆரையாவது தெரியுமா என்று கடைசியாகக் கேட்டாள். நான் இன்னொரு வடை வைத்தேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. நல்ல பிள்ளைதான்.

இனி வருவதுதான் கதை.

எங்கள் கட்டடத்துக்குப் பின் கட்டடத்தில் எங்கள் ஆட்களில் ஒரு இளம் சோடி இருந்தது. பொடியனுக்கு அகதி விசாரணை முடியவில்லை. எந்த நாளும் கடிதப்பெட்டியைத் திறக்க முதல் ஓட்டையால் எட்டிப் பார்ப்பான். ஒரு சின்னப் புகார் போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். றோட்டில் ஒரு வாகனமும் இல்லாவிட்டாலும் சிவப்பு லைற் மாறும் மட்டும் நிற்பான். அவளுக்கு முதல் பிள்ளை பிறந்தது. அவளுடைய தாய் ஊரில், சண்டையால் பாதை பூட்டு. பிள்ளை பெற்றவளைப் பார்க்க ஆள் இல்லை.

நான் போனேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் போனேன். ஆரா நகரத்தில் எங்கள் ஆட்களின் கடையில் மல்லி, மிளகு, வேர்க்கொம்பு, உள்ளிப்பூடு எல்லாம் வாங்கிப் பிள்ளை பெற்றவளுக்கு உரிய சரக்கு அரைத்தேன். நல்லெண்ணெய் விட்டுச் சரக்குக் கறி வைத்துக் கொடுத்தேன். காய்ந்த வேப்பிலை போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்து வார்த்தேன். முப்பத்தொன்று வரைக்கும், அதாவது பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்குக் கழிகிற நாள் வரைக்கும், அந்த வீட்டுச் சமையல் என் கையால்தான். கழிவு அன்று வீடு கழுவினோம். பிள்ளைக்குத் தலைமுடி இறக்கினோம். பழைய துணி, விரிப்பு, வேப்பிலைச் சக்கை, உள்ளித் தோல் எல்லாவற்றையும் பொடியன் ஒரு பையில் கட்டினான். கெமைண்டேயின் பெயர் அச்சடித்த, காசு கட்டின பைதான். வேறு எதையும் அவன் வீட்டுக்குள் விடமாட்டான். பிறகு திரிம்பா ஊர்க் கோவிலுக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்கள். என் வேலை முடிந்தது என்று நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கொழும்பில் லொட்ஜில் இருந்த அவனுடைய தாய் டெலிபோன் எடுத்திருக்கிறாள். துடக்குச் சாமானை வாசலில் வைக்காதே, ஊர் எல்லையைத் தாண்டி, ஆற்றுத் தண்ணீருக்கு அங்கால் கொண்டுபோய்ப் போடு, இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லியிருக்கிறாள். ஊரில் என்றால் துணி வெளுக்கிற கட்டாடி வந்து துணியை எடுத்துக்கொண்டு போவார். எங்கள் தீட்டை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டு நாங்கள் சுத்தமாக இருந்தோம். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. இங்கே கட்டாடி இல்லை. பொடியன் தானே பையைத் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தான். அந்தப் பக்கத்துக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், வாயை இறுக்கக் கட்டி, நேராக நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தான். இந்தப் பக்கத்துச் சட்டத்துக்குக் காசு கட்டியாயிற்று, தாயின் சட்டத்துக்கு ஆறு தாண்டியாயிற்று. இரண்டு பேரையும் திருப்திப்படுத்தியதாக அவனுக்கு நினைப்பு.

அந்தப் பக்கத்துக்காரர் அந்த நேரம் கொதித்துப்போய் இருந்தார்கள். இவ்வளவு நாளும் வந்தது எல்லாம் கறுப்புப் பை, பெயர் இல்லை, முகம் இல்லை. முதல்முறையாக எங்கள் கெமைண்டேயின் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு ஒரு பை வந்து நிற்கிறது. விடுவார்களா. திறந்து பார்த்தார்கள். மஞ்சள் பட்ட துணி, வேப்பிலை, குவியலாக உள்ளித் தோல். எங்கள் கெமைண்டேக்கு டெலிபோன் போயிற்று. கெமைண்டே, தமிழர் இருக்கிற எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஆளைக் கூப்பிட்டது. அவர் மணந்து பார்த்துவிட்டு, மூன்றாம் மாடி என்று சொன்னார். நான் செத்தல் மிளகாய் வறுக்கிற நாளில் படிக்கட்டில் நின்று தும்முகிறவர் அவர். என் மணம் அவருக்குத் தெரியும் என்று நினைப்பு. முதலாம் மாடிக்காரி, நான் நாள் தவறாமல் கையில் பையோடு பாலத்தைக் கடக்கிறதைக் கண்டதாகச் சாட்சி சொன்னாள். ஓம், அந்தப் பிரம்புக் கூடைக்காரிதான்.

கட்டடக்காரர் என்னைக் கீழறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பையைக் காட்டினார். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. என் கை உரித்த உள்ளி. என் கை வார்த்த வேப்பிலை. அவர் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். நான் பையின் வாயை மூடி, அவிழ்ந்த முடிச்சைத் திரும்பக் கட்டிவிட்டு மேலே வந்தேன். கெமைண்டேக்கு வரச் சொல்லி மகளுக்கு அறிவித்தல் வந்தது.

செய்தி பின் கட்டடத்துக்கும் போய்விட்டது. பொடியன் ஓடி வந்தான். சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.

"அன்ரி, அது நான் வைச்ச பை. நான் போய்ச் சொல்லுறன்."

"முதல் சப்பாத்தைக் கழட்டு. கம்பளம் நனையுது."

கழற்றினான். அழுகிறவன் மாதிரி நின்றான்.

"நீ போய் என்னத்தைச் சொல்லப் போறாய்?"

"உண்மையை."

"துடக்கு எண்டு டொச்சில சொல்லுவியோ? சொன்னால் அவன் அதை எந்தக் கட்டத்துக்குள்ள எழுதுவான்? அங்கால பக்கத்தில கள்ளமாய்க் குப்பை போட்டவன், அகதி, விசாரணை முடியேல்லை. இவ்வளவும்தான் எழுதுவான்."

"அப்ப உங்களை எழுதுவாங்கள், அன்ரி."

"என்னை எழுதட்டும். எனக்கு என்ன, என்னை எங்க அனுப்புவாங்கள்? நீ வாய் திறந்தாய் எண்டால் இனி இந்தப் படியில ஏறாதை. போ. பிள்ளைக்காரி தனிய இருப்பாள்."

அவன் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான். பிறகுதான் எனக்கு அவனுடைய தாயின் மேல் கோபம் வந்தது. கொழும்பில் இருந்துகொண்டு இங்கே உள்ள ஆற்றைத் தாண்டச் சொல்ல அவளுக்கு என்ன தெரியும். ஆனால் அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பேரப்பிள்ளையை அவள் கண்ணால் காணவில்லை. டெலிபோனில் அவளால் கொடுக்கக்கூடியது அந்தப் புத்தி ஒன்றுதான்.

வீட்டில் மருமகன் வேறு மாதிரி. அவனுக்கு வருட விசா மாற்றுகிற நேரம் அது. கெமைண்டே நல்ல வார்த்தை சொன்னால்தான் மேலே போகும்.

"மாமி, ஓம் எண்டு சொல்லி ஒரு கையெழுத்து வைச்சால் விஷயம் முடிஞ்சுது. தண்டத்தை நான் கட்டுறன்."

"நான் போடேல்லை."

"தெரியும். நீங்கள் போடமாட்டியள். ஆனால் ஆர் போட்டது எண்டு அவங்களுக்கு ஒரு ஆள் வேணும்."

"அவங்களுக்கு ஆள் வேணும் எண்டதுக்கு நான் ஆளோ?"

"ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

நான் எழும்பிக் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன். அவன் என்னைக் கனநேரம் பார்த்தான். முட்டாள் இல்லை அவன்.

"அப்ப சொல்லுங்கோ. இல்லையெண்டால் நீங்கள் எண்டு ஒத்துக்கொள்ளுங்கோ. ரெண்டில ஒண்டு."

"ரெண்டும் இல்லை, தம்பி."

மகள் நடுவில் நின்று அழுதாள். நான் படுக்கப் போனேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு நன்றாக நித்திரை வந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவள். வாழ்க்கையில் நான் வைத்த கையெழுத்து விரல் விட்டு எண்ணலாம். கலியாணப் பதிவு, புருஷனின் மரணப் பத்திரம், முகாமில் ஒன்று. வைத்த இடமெல்லாம் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன். செய்யாததைச் செய்தேன் என்று ஒரு தாளில் என் பெயர் இருக்கப்படாது. அது சின்னக் குப்பைப் பையானாலும்.

போகிற அன்று என்னுடைய நல்ல சேலையைக் கட்டினேன். மேலே அந்தப் பழைய பனிக்கோட்டு. கெமைண்டேயில் மேசைக்கு அங்கால் எங்கள் பக்கத்து அலுவலர், மீசைக்காரர். அவருக்குப் பக்கத்தில் ஆற்றுக்கு அங்காலிருந்து வந்த ஒருவர், முகம் சிவந்து. மூலையில் சைக்கிள்காரப் பெண், மடியில் தாள்கள். அவளும் இதைப் பார்க்க வந்திருக்கிறாள். அவளுக்கு இது சட்டம் செய்த வேலையில் ஒரு உதாரணம்.

மீசைக்காரர் மரியாதையாகத்தான் தொடங்கினார். பை உங்களுடையதா என்று கேட்டார்.

"இல்லை எண்டு சொல்லு," என்றேன் மகளிடம்.

"யாருடையது என்று தெரியுமா?"

"தெரியும். சொல்லமாட்டன் எண்டு சொல்லு."

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, தெரியாது எண்டு சொல்லுங்கோவன். பிரச்சினை இல்லை."

"தெரியும். சொல்லமாட்டன். அப்பிடியே சொல்லு."

அவள் சொன்னாள். அங்கால் இருந்து வந்தவர் கதிரையில் நிமிர்ந்தார். காசு மிச்சம் பிடிக்க உங்கள் ஆட்கள் எங்கள் பக்கத்தைக் குப்பைமேடு ஆக்குகிறீர்கள் என்று சொன்னதாக மகள் மெல்லச் சொன்னாள்.

"அவரிட்டைக் கேள் பிள்ளை. அந்தப் பை எந்தப் பை? காசு கட்டின பை. மிச்சம் பிடிக்கிறவன் காசு கட்டின பையை ஏன் அங்கால தூக்கிக்கொண்டு போறான்? இங்காலயே வாசல்ல வைச்சிருக்கலாமே."

மகள் சொன்னதும் மீசைக்காரர் பேனையைக் கீழே வைத்தார். அதை அவர் யோசித்திருக்கவில்லை போல. அங்கால் பக்கத்தவர் கதிரையில் பின்னால் சாய்ந்தார். மூலையில் இருந்தவள் மட்டும் கேட்டாள், ஏனென்றால் அதுதான் அவளுடைய வேலை. அப்படியென்றால் ஏன் கொண்டுபோனார்கள்?

எனக்கு அவளோடு கோபம் இல்லை. அதனால் அவளைப் பார்த்தே சொன்னேன், தமிழில்.

"பிள்ளை, எங்கட ஆக்களுக்கு ஆறு எண்டால் ஒரு எல்லை. சில சாமான் ஆத்துக்கு அங்கால போகவேணும். உங்கட ஆக்களுக்கும் அப்பிடித்தானே. ஆத்துக்கு இங்கால ஒரு சட்டம், அங்கால ஒரு சட்டம் எண்டு நீங்களும் ஆத்தைத்தானே வைச்சிருக்கிறியள். எங்களை ஏன் எண்டு கேக்கிறியள். உங்களை ஆரும் கேக்கிறதில்லை."

மகள் மொழி மாற்ற நேரம் எடுத்தாள். சைக்கிள்காரி சிரிக்கவில்லை. எழுதவும் இல்லை. பேனையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

மீசைக்காரர் தொண்டையைச் செருமினார். காரணம் எதுவானாலும் ஒரு கெமைண்டேயின் பையை இன்னொரு கெமைண்டேயில் வைப்பது பிழை, யாராவது பொறுப்பு எடுக்க வேண்டும் என்றார். முதலாம் மாடி அம்மா உங்களைப் பாலத்தில் கண்டிருக்கிறா என்றார்.

"ஓம், கண்டவ. நானும் அவவைக் கண்டனான்."

மகள் அதைச் சொல்லாமல் என் கையைப் பிடித்தாள். "அம்மா, வேண்டாம்."

"சரி, அதைச் சொல்லாதை. வேற சொல்லுறன். அங்கால பக்கத்தில இந்த வருசம் குவிஞ்ச பை எல்லாத்தையும் திறந்து பாருங்கோ. கறுப்புப் பையளையும். ஆர் வீட்டுப் பை எண்டு தேடுங்கோ. எல்லாருக்கும் ஒரு நாளிலை கடிதம் போடுங்கோ, அந்த வரிசையில நானும் வந்து நிக்கிறன். எங்கட குப்பைக்கு மட்டும் மணம் இருக்கு எண்டு எங்களை மட்டும் கூப்பிட்டால், நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

இதை மகள் முழுக்கச் சொன்னாள். அவளுடைய குரல் முதலில் மெலிந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் உயர்ந்தது. கடைசி வசனத்தை அவள் எனக்காகச் சொல்லவில்லை, தனக்காகச் சொன்னாள். அது எனக்குக் கேட்டது. டொச் தெரியாவிட்டாலும் பெற்ற பிள்ளையின் குரல் தெரியும்.

இரண்டு ஆண்களும் தங்களுக்குள் கதைத்தார்கள். எங்கள் பக்கத்து ஆள், பல் வைத்தியரின் பையைத் திறந்தால் என்ன நடக்கும் என்று நினைத்திருப்பாரோ தெரியாது. ஒருவேளை தன் வீட்டுப் பையை நினைத்தாரோ. கடைசியில் ஒரு தாளை எடுத்து எழுதினார். எழுதி முடித்து என் பக்கம் திருப்பி, விரலால் கீழே ஒரு இடத்தைக் காட்டினார்.

"என்ன எழுதியிருக்கு, வாசி."

மகள் வாசித்தாள். பை இவருடையது அல்ல என்று இவர் சொல்கிறார். யாருடையது என்று இவருக்குத் தெரியும். சொல்ல மறுக்கிறார். போட்டவர் அறியப்படவில்லை.

"இன்னொருக்கா வாசி."

வாசித்தாள். ஒரு எழுத்தும் பொய் இல்லை. பேனையை வாங்கி, கோட்டுக் கையை மேலே இழுத்துவிட்டு, தமிழில் என் பெயரை முழுதாக எழுதினேன். அவசரப்படவில்லை. மீசைக்காரர் காத்துக்கொண்டு இருந்தார். எழுதி முடித்துப் பார்த்தால், இது எனக்கு வடிவாகத்தான் வந்திருந்தது.

மருமகன் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை வாங்குவான், தலையைக் குனிந்து சாப்பிடுவான். அவனுடைய விசா பிந்தித்தான் வந்தது. அந்தப் பையால் பிந்தியதா, வழமையாகவே பிந்தியதா, யாருக்கும் தெரியாது. வந்த அன்று அவன் தாளை என் முன்னால் மேசையில் வைத்துவிட்டு, "மாமி, தேத்தண்ணி இருக்கோ" என்று கேட்டான். ஊற்றிக் கொடுத்தேன். பொடியனுக்கும் நாள் கழித்து நல்ல முடிவு வந்தது. அவனுடைய விசாரணையில் பை பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சைக்கிள்காரி எழுதினது பிறகு புத்தகமாக வந்தது. ஊரில் எல்லா வீட்டுக்கும் சுருக்கமாக ஒரு பிரதி போட்டார்கள். படம், கோடு, இரண்டு நிறம். மகள் வாசித்துச் சொன்னாள். குழந்தை உள்ள வீடுகளுக்கும் ஆட்கள் கூடின வீடுகளுக்கும் பை பாரமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள், சலுகை கொடுக்கலாம் என்றும். அது நான் சொன்னதாலா, வேறு பலர் சொன்னதாலா, எனக்கு உரிமை கொண்டாடத் தேவையில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று கடைசியில் எழுதியிருந்தாள். அதன்படி அடுத்த வருடம் அந்தப் பக்கத்திலும் காசுப் பை வந்தது. ஆனால் ஒரே சட்டம் என்றாலும் பை ஒன்று இல்லை. அவர்களுக்கு வேறு நிறம், வேறு விலை. இந்தப் பக்கத்துப் பையை அந்தப் பக்கம் எடுக்க மாட்டார்கள், அந்தப் பக்கத்துப் பையை இங்கே எடுக்க மாட்டார்கள்.

மட்டக்களப்புக்காரி என்னைப் பாலத்திலேயே பிடித்துக்கொண்டாள். கையில் புதுப் பைச் சுருள்.

"பாத்தியாகா, உன்னாலதான். நீ அண்டைக்குக் கையெழுத்த வெச்சித்துப் போயிருந்தா அவனுகள் இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டானுகள். இப்ப எங்களுக்கும் பை."

"நல்லதுதானே. இனியெண்டாலும் பேர் கேட்டிட்டுச் சோறு போடுங்கோ."

"வாய் மட்டும் குறையாது உனக்கு." பைச் சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிட்ட வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இப்ப எல்லாம் முடிஞ்சிதானே. எனக்கு மட்டும் சொல்லுகா. ஆரு அது?"

"சொல்லமாட்டன்."

"நான் என்ன கெமைண்டேயா?"

"அவங்களுக்கே சொல்லேல்லை. உனக்கேன் சொல்லுறன்?"

அவளுக்குக் கோபம். அன்றைக்குச் சாப்பாட்டுப் பெட்டியை வாங்காமல் திரும்பிப் போனாள். நானும் கூப்பிடவில்லை. அடுத்த நாள் வந்து வாங்கிக்கொண்டாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

அவள் செத்தும் இப்போது கனகாலமாயிற்று. அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, சுவிஸின் சிவப்புப் பாஸ்போட்டோடு நாடு நாடாகத் திரிகிறது. தாய் தகப்பன் நன்றாக இருக்கிறார்கள். அதனால் இதை எழுதலாம் என்று நினைத்தேன். அப்படியும் யாரென்று எழுதவில்லை, எந்த ஊர் என்றும் எழுதவில்லை. கேட்டு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி உண்டு.